பாலியின் கலுங்கான் திருவிழாவுக்குத் தனியாகப் போகிறேன்: முன்பின் தெரியாதவர்களுடன் எப்படிக் கதைப்பது?

கேள்வி: நந்திக்கடலோரம் (புதுக்குடியிருப்பு)

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் சிறிய கடையொன்றை நடத்திவருகிறேன். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வெளிநாட்டுப் பயணம் போகத் தீர்மானித்து, இந்தோனேசியாவின் பாலித் தீவைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். கடற்கரை பார்ப்பதற்காக நான் அங்கே போகவில்லை. கடல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கலுங்கான் என்று அங்குள்ள இந்துக்கள் அழைக்கும் திருவிழாவை, அந்த மக்களுக்கு நடுவில் நின்று, அவர்களோடு கதைத்துப் பழகிப் பார்க்கவேண்டும் என்பதே என் ஆசை.

அவர்களுடைய நாட்காட்டி 210 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவருவதால், கலுங்கான் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதத்தில் வந்தாலும் எப்போதும் புதன்கிழமையிலேயே விழுகிறது. நான் கணக்குப் பார்த்ததில் 2027ஆம் ஆண்டு சனவரி 13ஆம் திகதி கலுங்கானும், பத்து நாள் கழித்து 23ஆம் திகதி சனிக்கிழமை அதை நிறைவுசெய்யும் குனிங்கானும் வருகின்றன. எங்கள் தைப்பொங்கல் இந்த இரண்டுக்கும் இடையில் வந்துவிடுவதால் அம்மாவுக்குக் கொஞ்சம் மனக்குறை இருக்கிறது. ஆனாலும் போய்வா என்று சொல்லிவிட்டார்.

என் தயக்கம் இதுதான். அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறைதான். கோயிலுக்குள் என்னைப் போன்ற ஒருவன் போகலாமா, போனால் கும்பிடலாமா, அல்லது ஓரமாக நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் வீட்டு விசேடத்தில் யாரோ ஒருவன் வந்து புகுந்துவிட்டான் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பக்கத்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்திருந்த இரண்டு வெளிநாட்டவர்கள், வளந்து என்ற பொங்கற் பானைக்கு முன்னால் கமெராவோடு முண்டியடித்து நின்றதால், காலையிலிருந்து காத்திருந்த வயதான அம்மாக்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. அதே இடத்தில் இன்னொரு வெளிநாட்டுப் பெண், பொங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து, ஊதாங்குழல் வாங்கி அடுப்பை ஊதி, இருட்டும்வரை கதைத்துவிட்டுப் போனார். அவரைப் பற்றி அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாலியில் நான் அந்தப் பெண்ணைப் போல இருக்க விரும்புகிறேன். போய்வந்தவர்கள் வழிசொல்லுங்கள்.

பதில்: மாங்குளம் அக்கா

தம்பி, நானும் என் கணவரும் ஒரு கலுங்கானுக்கு அங்கே பன்னிரண்டு நாள் நின்றோம். உபுட் நகரத்துக்கு வெளியே ஒரு குடும்பத்தின் வளவுக்குள் அறையெடுத்துத் தங்கினோம். நீங்களும் பெரிய விடுதியை விட்டுவிட்டு இப்படியொரு வீட்டைத் தேடிப்பிடியுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். அங்கே ஒரு மதிலுக்குள் பல சிறு கட்டடங்கள் இருக்கும், ஒரு மூலையில் குடும்பத்துக்கென்று சொந்தக் கோயில் இருக்கும், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை அந்த வளவுக்குள்ளேயே இருப்பார்கள்.

முன்பின் தெரியாதவர்களோடு கதை தொடங்குவது பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், ஏனென்றால் அவர்களே தொடங்குவார்கள். ஒழுங்கையில் இறங்கியவுடன் எதிரே வருபவர் "மாவ் கெ மானா?" என்று கேட்பார். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரப் பயணிகள் சிலர் இதைக் கேட்டு, எங்கள் விடயத்தை ஏன் விசாரிக்கிறார்கள் என்று முகம் சுளிப்பதை நான் கண்டேன். எங்களுக்கு அது புதிதா? சந்தைக்குப் போகிற வழியில் ஒருவர் "எங்கை பயணம்?" என்று கேட்டால், அவர் என்ன முகவரியா எதிர்பார்க்கிறார்? "ஜாலான்-ஜாலான்", அதாவது சும்மா உலாத்தப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும். அடுத்ததாகச் சாப்பிட்டுவிட்டீர்களா என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்வி கலியாணம் முடித்துவிட்டீர்களா என்பதாக இருக்கும். அதற்கு இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாமல் "பெலும்", அதாவது இன்னும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்ற மரியாதை அடங்கியிருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட முறை சொல்லிக் கூப்பிடுவதே அங்கேயும் அழகு. உங்களை விடக் கொஞ்சம் மூத்த ஆணைப் "பிளி" என்றும், பெண்ணை "எம்போக்" என்றும் அழைக்கலாம். எங்கள் அண்ணையும் அக்காவும்தான். நன்கு வயதானவர்களைப் "பாக்", "இபு" என்று அழையுங்கள். பிறகு பெயரைக் கேளுங்கள், ஏனென்றால் அதிலேயே ஒரு நீண்ட கதை இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் மூத்த பிள்ளை வாயான், இரண்டாவது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெத்துட். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயானில் தொடங்குவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பெயர்கள்தாம். என் கணவர் மூன்றாவது பிள்ளை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அந்த வளவு முழுவதும் அவரை ஞோமான் என்றே கூப்பிட்டது.

நீங்கள் புதன்கிழமைக்கு மட்டும் போய் இறங்கினால் பாதியை இழந்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாழைக்காய் பழுக்க வைப்பார்கள், திங்கட்கிழமை பலகாரம் செய்வார்கள், செவ்வாய்க்கிழமை பன்றி அடித்துச் சமைப்பார்கள். அன்றைக்கே வீட்டு வாசலில் பெஞ்சோர் நிறுத்துவார்கள். பெஞ்சோர் என்பது நுனி தானாக வளைந்து தொங்கும் முழு மூங்கில். அதற்குக் குருத்தோலையால் ஆடை உடுத்தி, நெற்கதிர், தேங்காய், பழம், பலகாரம், துணி என்று விளைந்ததையும் செய்ததையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு தெருவின் இரண்டு பக்கமும் ஐம்பது அறுபது மூங்கில்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலைவணங்கி நிற்கும்போது, நடந்துபோகிற எங்களுக்கும் தலை தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

நான் அந்த வீட்டுப் பெண்களோடு நெருங்கியது குருத்தோலையால்தான். திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தாறு பெண்கள் திண்ணையில் இருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளிநின்று பார்த்துவிட்டு, ஒரு துண்டு ஓலையைக் கேட்டு வாங்கி, எங்கள் ஊர்க் கோயில் வாசலுக்குக் கட்டுகிற தோரணத்தில் வரும் குருவியை மடித்துக் காட்டினேன். ஒரு பாட்டி அதை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்து, திரும்ப அப்படியே மடித்தார். பிறகு என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார். நான் கத்தியால் வெட்டிய ஓலைகள் கோணலாகவே வந்தன, இருந்தும் அவர் ஒன்றையும் எறியவில்லை. எல்லாவற்றையும் கீழ்த்தட்டில் வைத்து மேலே பூவைப் பரப்பினார். மூன்று மணித்தியாலம் இருந்தோம். எங்களுக்குள் பொதுவாக முப்பது சொற்கூட இருந்திருக்காது. ஆனாலும் அவருடைய மகன் கப்பலில் வேலை செய்கிறான், மருமகள் இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறாள், முழங்கால் நோவுக்கு எந்த இலையை அரைத்துப் பூசுகிறார்கள் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை அவர்கள் உறவினர் வீடுகளுக்குப் போகிற நாள். கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். அந்த நாட்களில் சிறுவர்கள் பாரோங் என்ற சிங்கம் போன்ற உருவத்தைத் தூக்கிக்கொண்டு, மேளத்தோடு தெருத்தெருவாக வருவார்கள். கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

பதில்: இரணைமடுக் கமக்காரன்

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் மகளோடு போனபோது, அவள் படம்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜதிலுவே என்ற இடத்து வயல் வரம்பில் ஒரு கமக்காரரோடு கதைக்கத் தொடங்கினேன். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கும் வராது. நான் கையால் வாய்க்காலைக் காட்டி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சைகையில் கேட்டேன். அவர் மேலே மலையைக் காட்டினார். எங்கள் ஊரில் மலை இல்லை, குளத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்வதற்கு வழிதெரியாமல், நிலத்தில் குச்சியால் வட்டம் கீறி, "குளம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் உடனே "கோலாம்!" என்றார். மகள் பிறகு கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னாள்: அவர்கள் மொழியில் கோலாம் என்றால் நீர்நிலை, அது தமிழிலிருந்து போன சொல். கப்பலுக்குக் காப்பால், கடைக்குக் கெடாய், பெட்டிக்குப் பெத்தி என்று இன்னும் பல இருக்கின்றனவாம். பெயரில் குளத்தை வைத்திருக்கும் ஊர்கள் நிறைந்த வன்னியிலிருந்து போன எனக்கு அந்த ஒரு சொல் தந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அவர்கள் வயலுக்கு நீர் பங்கிடும் அமைப்பைச் சுபாக் என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. எங்களிடம் வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை இருந்தது போல அங்கே பெகாசே என்பவர் இருக்கிறார். யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கூட்டங்கூடித் தீர்மானிக்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு கோயிலும் வைத்திருக்கிறார்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று நாங்கள் கூட்டத்தில் வாதாடுவதை நான் சைகையில் நடித்துக் காட்டியபோது, அவர் தன் தோளில் கிடந்த துணியை உதறி எழுந்து, தங்கள் கூட்டத்திலும் அப்படித்தான் என்று நடித்துக் காட்டினார். தம்பி, உங்கள் கடை வியாபாரத்தை வைத்து அங்கேயுள்ள கடைக்காரர்களோடு கதையுங்கள். ஒரே தொழில் செய்பவர்களுக்கு மொழி குறைவாகவே தேவைப்படும்.

பதில்: முள்ளியவளை வாத்தியார் (ஓய்வு)

மேலேயுள்ள இரண்டு பதில்களையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும் ஒரு விடயத்தில் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களவர்கள் பாலிக்குப் போனால், இவர்களும் சைவர்கள்தானே, எல்லாம் எங்களுடையதுதானே என்று சொல்லி, அங்கே காணும் வேறுபாடுகளைத் திருத்தப் புறப்பட்டுவிடுகிறார்கள். நான் சென்ற குழுவிலேயே ஒருவர், விழாவுக்குப் பன்றியிறைச்சி படைப்பது முறையில்லை என்று ஒரு கோயில் வாசலில் நின்று விளக்கத் தொடங்கியபோது எனக்கு மிகுந்த மனவருத்தமாக இருந்தது. எங்கள் ஊர்களிலும் வைரவருக்கு உயிர்ப்பலி கொடுத்து வேள்வி செய்த காலத்தை நாங்கள் மறந்துவிடக் கூடாது.

அவர்களுடைய கோயில் எங்களுடையதைப் போன்றதன்று. கருவறையும் அதற்குள் நிலைகொண்ட மூலமூர்த்தியும் அங்கே இல்லை. திறந்த முற்றத்தில் நார்க்கூரைகளை அடுக்கிய மேருக் கோபுரங்களும், பத்மாசனம் என்ற உயர்ந்த கல் இருக்கையும் உண்டு. அந்த இருக்கை வெறுமையாகவே இருக்கும். விழா நாளில் தெய்வம் அழைக்கப்பட்டு இறங்கி வருகிறது, முடிந்ததும் திரும்பிப் போகிறது. கலுங்கானில் முன்னோரும் அப்படியே வீட்டுக்கு வந்து, குனிங்கானில் மஞ்சள் சோற்றுப் படையலை ஏற்றுக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. காட்டோரத்தில் ஒரு மரத்தடியில் சூலத்தை நட்டு, பொங்கல் அன்றைக்கு மட்டும் மடை பரவிக் கும்பிடும் எங்கள் பழைய வழக்கத்தை அறிந்த வன்னிக்காரனுக்கு இது விளங்கும். ஆகமக் கோயிலை மட்டும் அறிந்தவர்களுக்கு விளங்கச் சற்று நேரமாகலாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இடுப்பில் காமென் என்ற சாரமும், அதன்மேல் செலெண்டாங் என்ற பட்டியும் கட்டாமல் கோயிலுக்குள் போகக் கூடாது. ஆண்கள் தலையில் உடெங் கட்டுவார்கள்; வீட்டுக்காரரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு கட்டிவிடுவார். துடக்கு (தீட்டு) உள்ளவர்கள் உள்ளே போவதில்லை என்பது அங்கேயும் கண்டிப்பான விதி. பூசகரான பெமாங்குவின் தலைக்கு மேலான உயரத்தில் ஏறி நிற்கவோ, கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் குறுக்கே நடக்கவோ வேண்டாம். கும்பிடலாமா என்றால், உங்களை அழைத்துச் சென்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாராளமாகக் கும்பிடலாம். எல்லோரும் நிலத்தில் இருந்தபடியே ஐந்து முறை கைகூப்புவார்கள். முதலாவதும் ஐந்தாவதும் வெறுங்கையோடு, நடுவிலுள்ளவை பூவோடு. பிறகு தீர்த்தம் தெளிப்பார்கள், மூன்று முறை உள்ளங்கையில் வாங்கிப் பருகவேண்டும். ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்வதோடு வழிபாடு நிறைவடையும். பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும்.

யாரைச் சந்தித்தாலும் கைகூப்பி "ஓம் சுவஸ்தியஸ்து" என்று சொல்லுங்கள். நன்றிக்குச் "சுக்ஸ்மா". கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்.

நந்திக்கடலோரம்

வாத்தியார் ஐயா, அக்கா, அண்ணை, மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சிறு கேள்விகள். நான் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? அடுத்தது, திருவிழாவன்று விமானநிலையம் உட்பட எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள், வெளியில் காலடி வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: பாலைப்பழம் (கிளிநொச்சி)

அண்ணா, உங்கள் நண்பர் சொன்னது கலுங்கானைப் பற்றியதன்று. அது ஞெபி என்ற, சக ஆண்டுக் கணக்குப்படி வரும் வருடப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அன்று காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை தீவு முழுவதும் நெருப்பு இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமானநிலையத்தையும் ஒருநாள் முழுவதும் மூடுகிறார்கள். 2018இலிருந்து கைத்தொலைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். கட்டம்போட்ட கறுப்பு வெள்ளைத் துணி உடுத்த பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் மட்டுமே தெருவில் நடப்பார்கள். கலுங்கானுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கடைகள் சில பூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

நான் ஒரு ஞெபிக்கு அங்கே நின்றதால் அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில நாள் முன்னதாக ஊரார் வெள்ளை உடுத்து, கோயிற் பொருட்களைச் சுமந்து கடலுக்குப் போய்த் தீர்த்தமெடுத்துத் திரும்பினார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்காகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துக் காட்டாவிநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து விளக்கேற்றுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்த எனக்கு, அந்த ஊர்வலத்தில் யாரும் சொல்லித்தர வேண்டிய தேவை இருக்கவில்லை. ஓரமாக நடந்துபோனேன், ஒரு அம்மா தன் குடைக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல்நாள் இரவு ஓகோ-ஓகோ என்ற பூதவுருவங்களை இளைஞர்கள் மூங்கில் சட்டங்களில் சுமந்து ஆடினார்கள். அதைச் செய்வதற்குப் பல வாரம் உழைத்த பையன்களிடம், இந்தக் கண்ணை எப்படிச் செய்தீர்கள், இந்த முடி எதனால் ஆனது என்று கேட்டால் விடியும்வரை சொல்வார்கள்.

மறுநாள் இருட்டியபிறகு, வீட்டுக்கார அம்மா யன்னல்களுக்குத் துணிபோட்டு மூடிவிட்டு, முற்றத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தார். தீவில் ஒரு வெளிச்சம் இல்லை. வானம் முழுவதும் நட்சத்திரம். மின்சாரம் இல்லாத வன்னியில் பிறந்து வளர்ந்தவள் நான். இருட்டு என்றால் எனக்கு விமானச் சத்தமும், விளக்கை அணை என்று அம்மா சொல்கிற குரலும்தான். விரும்பி அணைத்துவிட்டு, பயமில்லாமல் ஒரு ஊரே இருட்டில் இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் அழுததை அந்த அம்மா கண்டார். அவரிடம் போரைப் பற்றித் தாழ்ந்த குரலில், தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். காலையில் காப்பி கொண்டுவந்து தரும்போது, அடுத்த ஞெபிக்கும் வா என்றார். இன்றைக்கும் எங்களுக்குள் தொடர்பு இருக்கிறது.

மச்சம் பற்றி: "சாயா திடாக் மாக்கான் டாகிங்", நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று முதல்நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். மீனும் வேண்டாம் என்றால் "இக்கான்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீன் வந்துவிடும். லாவார் என்ற கறி மரக்கறியும் தேங்காய்ப்பூவும் போலத் தெரிந்தாலும் அதில் பெரும்பாலும் இறைச்சியும் சிலவேளை இரத்தமும் சேரும்; கேட்டுவிட்டு வாங்குங்கள். தெம்பே, தாகு இரண்டும் சோயாவில் செய்தவை, பயமில்லாமல் சாப்பிடலாம். இன்னொன்று, வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் ஒன்றரை இலட்சம் ரூபியா கட்டணம் செலுத்தவேண்டும் என்பது 2024 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்க எண் பெரிதாக இருந்தாலும் பயப்படாதீர்கள், அது பத்து அமெரிக்க டொலர் அளவில்தான் வரும்.

நந்திக்கடலோரம்

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையைத் திறக்காமல் இருந்துவிட்டேன். கலுங்கானுக்கு முந்திய சனிக்கிழமையே அங்கே போய்ச் சேரும்படி பயணச்சீட்டைப் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு எதையாவது கையில் கொண்டுபோக வேண்டும். எதைக் கொண்டுபோகலாம்?

பதில்: மாங்குளம் அக்கா

பனங்கட்டி கொண்டுபோங்கள் தம்பி, சிறிய ஓலைக் குட்டானில் வருவது. சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். பாலியின் கிழக்குப் பகுதியிலும் பனைமரம் நிற்கிறது, அவர்கள் அதை லொந்தார் என்கிறார்கள். எங்கள் ஏட்டுச் சுவடிகளைப் போலப் பழைய நூல்களை அதன் ஓலையில்தான் எழுதிவைத்திருக்கிறார்கள், அந்தச் சுவடிகளுக்கும் லொந்தார் என்றே பெயர். நான் கொடுத்த குட்டானை அந்தப் பாட்டி திறப்பதற்கு முன்னால் மூக்கருகே வைத்து மணந்து பார்த்துவிட்டு, ஓலையைத் தடவி, "லொந்தார்" என்றார். பிறகு கட்டியை எடுத்து நான்காக உடைத்து, ஒரு துண்டைத் தன் வீட்டுக் கோயிலில் வைத்துவிட்டு வந்துதான் மற்றவர்களுக்குக் கொடுத்தார். குட்டானை எறியவில்லை. நாங்கள் புறப்படுகிற நாளில் அதில் பூ வைத்திருந்தார்.